கூத்தாடிகளுக்கும் பங்கு உண்டு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பேர்பெற்ற ஓவியங்கள் ஏலத்துக்கு வருவது கலைக்கு நன்மையா, தீமையா என்பது கேள்வி. நான் நன்மை என்கிற அணி. எதிரணியில் பேசிய அம்மையார், "விலை வைத்த நிமிடமே ஓவியம் சரக்காகிவிடுகிறது" என்றார். அவருடைய ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் ஒரே ஒரு படத்தின் கதையைச் சொல்லி மறுக்கிறேன்.

1905-ல் பாரிஸில் பிக்காசோ வரைந்த படம் அது. ஏறக்குறைய ஏழு அடி உயரம், ஏழரை அடி அகலம். ஊர் ஊராகப் போய் வித்தை காட்டும் கூத்தாடிகள் ஆறு பேர். கட்டம் போட்ட உடையில் ஒரு கோமாளி, அவன் கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண், சிவப்பு உடையில் ஒரு பருத்த மனிதர், இரண்டு பையன்கள், தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். சுற்றிலும் வெறும் பொட்டல். வேடிக்கை பார்க்க ஒரு ஆள் இல்லை. அவர்களுமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. அடுத்த வேளைச் சோறு எந்த ஊரில் என்று தெரியாதவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

1908-ல் இதை 1,000 பிராங்குக்கு வாங்கியவர்கள் கோடீஸ்வரர்கள் அல்ல. 'கரடித் தோல்' என்று பெயர் வைத்துக்கொண்ட 13 பேர் கொண்ட குழு. ஆளுக்கு வருடம் 250 பிராங்க் போட்டு, அன்று அதிகம் பேர் சீந்தாத புதிய ஓவியர்களின் படங்களாகப் பார்த்து வாங்கினார்கள். 1914 மார்ச் 2-ல் பாரிஸின் த்ரூவோ ஏலக்கூடத்தில் எல்லாவற்றையும் விற்றார்கள். இந்தப் படம் மட்டும் 11,500 பிராங்குக்குப் போனது. அப்புறம் அவர்கள் செய்ததுதான் முக்கியம். லாபத்தில் 20 சதவீதத்தை ஓவியர்களுக்கே கொடுத்தார்கள்! அன்று எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு உண்டு என்று பிரான்ஸ் சட்டம் போட்டதே 1920-ல்தான். ஆட்டம் முடிந்ததும் தட்டில் விழுந்த காசைக் கூத்தாடிகள் பங்கு போட்டுக்கொள்வார்கள் இல்லையா, அதே நியாயம்தான் இது.

"பணக்காரர் வாங்கிப் பூட்டிவைப்பார், படம் எல்லோரும் பார்க்கும் பொதுச் சுவரில்தான் இருக்க வேண்டும்" என்றும் சொன்னார்கள். பூட்டிவைப்பவர்களை நானும் எதிர்க்கிறேன். ஆனால் இந்தப் படத்தைப் பிறகு வாங்கிய ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்தா கோனிக், 1915-ல் தன் மியூனிக் வீட்டில் தங்கிக்கொள்ளக் கவிஞர் ரில்கேக்கு இடம் கொடுத்தார். மாதக்கணக்கில் ரில்கே இந்தப் படத்தின் முன்னால் வாழ்ந்தார். 'துயினோ இரங்கற்பாக்கள்' என்ற அவருடைய கவிதை வரிசையில், 1922-ல் எழுதிய ஐந்தாம் பாடலில் இந்தக் கூத்தாடிகள் வருகிறார்கள். அதை கோனிக்குக்கே காணிக்கையாக்கினார்.

1931-ல் அமெரிக்கர் செஸ்டர் டேல் வாங்கினார். அவர் மறைவுக்குப் பின், அவர் உயில்படி படம் வாஷிங்டனில் உள்ள தேசிய ஓவியக்கூடத்துக்குப் போனது. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. பள்ளிப் பிள்ளையும் போய் நின்று பார்க்கலாம். எதிரணி கேட்கும் பொதுச் சுவர் அதுதானே? அந்தச் சுவருக்கு இந்தப் படம் த்ரூவோ ஏலக்கூடம் வழியாகத்தான் வந்து சேர்ந்தது, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.