மூலத்தின் நிலை எண்: அது சொல்வதும் சொல்லாததும்

வணக்கம். கோத்தகிரியிலிருந்து பேசுகிறேன். மலச்சிக்கலைப் பற்றிய முந்தைய காணொளிக்குப் பிறகு எனக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: "மருத்துவர் சீட்டில் செகண்ட் டிகிரி பைல்ஸ் என்று எழுதியிருக்கிறார், இது எவ்வளவு மோசம்?" எண் கூடினால் நோய் முற்றிவிட்டது, எண் குறைவாக இருந்தால் கவலையில்லை என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது பாதி சரி. மற்றப் பாதியை அறியாததால்தான், முதல் நிலை என்று சொல்லப்பட்டவர் வெளுத்துப்போன கண்களுடன் மாதக்கணக்கில் தாமதித்து வந்து சேருகிறார்.

நான் மருத்துவர் அல்ல. அறுவை சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள். மருத்துவர் முன்னால் வாய் திறக்காத பெண்கள் டிரெஸ்ஸிங் அறையில் என்னிடம் சொன்னவையும் இன்றைய பேச்சில் கலந்திருக்கும். உங்கள் நிலை என்ன என்பதை இந்தக் காணொளியைப் பார்த்து நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம்.

மூலம் என்பது புதிதாக முளைக்கும் கட்டி அல்ல. ஆசனவாயின் உட்புறத்தில் இரத்த நாளங்களும் மெல்லிய தசை நார்களும் சேர்ந்த திண்டுகள் பிறவியிலேயே நம் எல்லோருக்கும் உண்டு. குழாயின் வாஷரைப் போல, காற்றும் நீரும் கசியாமல் வாயை இறுக்கமாக மூடுவதற்கு அவை உதவுகின்றன. ஓய்வாக இருக்கும்போது ஆசனவாயில் உள்ள அழுத்தத்தில் 15 முதல் 20 விழுக்காடு இவற்றால் வருகிறது. வழக்கமாக இவை மூன்று. இந்தத் தாளில் வரைந்திருக்கிறேன், பாருங்கள்: நோயாளி மல்லாந்து படுத்துக் கால்களைத் தூக்கிய நிலையில் கடிகார முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், 3 மணி, 7 மணி, 11 மணி இருக்கும் இடங்கள். இந்தத் திண்டுகளைத் தாங்கிப் பிடிக்கும் நார்கள் தளர்ந்து அவை கீழே சரிவதே மூலம் என்ற விளக்கத்தை 1975இல் தாம்சன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் வலுவாக முன்வைத்தார். மலம் இறுகுவது, முக்குவது, கழிப்பறையில் செல்பேசியுடன் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது, கர்ப்ப காலம் ஆகியவை எல்லாம் அந்தச் சரிவுக்குத் துணை போகின்றன.

நிலை எண்ணுக்கு முன்னால் வகை தெரிய வேண்டும். ஆசனவாயின் உள்ளே, விளிம்பிலிருந்து ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் மேலே, பல் பல்லாகத் தெரியும் ஒரு கோடு இருக்கிறது. டென்டேட் லைன் என்பார்கள். அதற்கு மேலே உருவாவது உள்மூலம், கீழே உருவாவது வெளிமூலம், இரண்டும் சேர்ந்திருந்தால் கலப்பு மூலம். கோட்டுக்கு மேலே உள்ள சவ்வில் வலியை உணர்த்தும் தோல் நரம்புகள் இல்லை. ஆகையால் உள்மூலம் வலிக்காமலே இரத்தம் சொட்டும். கோட்டுக்குக் கீழே இருப்பது தோல். அங்கே இரத்தம் உறைந்தால் ஒரே இரவில் நீல நிறத்தில் உருண்டையாக வீங்கி, உட்கார முடியாத வலி எடுக்கும். வலி தாங்காமல் ஓடி வருபவரைவிட, வலியில்லாமல் இரத்தம் போய்க்கொண்டிருப்பவரைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் கவலை அதிகம்.

ஒன்று முதல் நான்கு வரை எண்ணிடுவது உள்மூலத்துக்கு மட்டுமே உரியது. இன்று உலகெங்கும் புழங்கும் இந்த முறைக்கு, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஜான் கோலிகரின் பெயர் நிலைத்துவிட்டது. முதல் நிலையில் திண்டு உள்ளேயே புடைத்திருக்கும், வெளியே வராது, புரொக்டோஸ்கோப் என்ற சிறு குழாயை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டாம் நிலையில் முக்கும்போது வெளியே வந்து, முக்குவதை நிறுத்தியதும் தானாக உள்ளே போய்விடும். மூன்றாம் நிலையில் வெளியே வந்ததை விரலால் தள்ளினால்தான் உள்ளே போகும். நான்காம் நிலையில் தள்ளினாலும் போகாது, அல்லது போன கையோடு மறுபடி வந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 நோய்ப் பட்டியலும் இதே அடிப்படையில்தான் கே64.0 முதல் கே64.3 வரை நான்கு குறியீடுகளைத் தந்திருக்கிறது. காப்பீட்டுத் தாள்களில் நீங்கள் அதைப் பார்த்திருக்கலாம்.

இவற்றில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலுள்ள எல்லையில்தான் அதிகக் குழப்பம் நேருகிறது. பரிசோதனை மேசையில் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது, வீட்டில் கழிப்பறையில் நடப்பது அப்படியே நடப்பதில்லை; கூச்சத்தில் யாரும் முழுமையாக முக்குவதும் இல்லை. அதனால் "தானாக உள்ளே போகிறதா, நீங்கள் தள்ளிவிடுகிறீர்களா?" என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலே பாதி நோயறிதல். ஆனால் இந்தக் கேள்விக்குப் பெண்களில் பலர் தரையைப் பார்த்துக்கொண்டு "தானா போயிடும் டாக்டர்" என்பார்கள். வெளியே வந்த பிறகு என்னிடம், "கழுவும்போது தினமும் கையாலதான் சிஸ்டர் தள்ளிவிடுறேன்" என்பார்கள். அந்த ஒரு சொல்லில் நிலை எண்ணும் மாறிவிடுகிறது, சிகிச்சையும் மாறிவிடுகிறது.

மின்சாரம் போய்விட்டது, மன்னிக்கவும். மழைக்காலத்தில் மலையில் இது வழக்கந்தானே. ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருகிறேன். குரல் கேட்டால் போதும்.

நான்காம் நிலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் நிலையில் இருந்த திண்டு ஒருநாள் வெளியே சிக்கி, இரத்தம் உறைந்து, வீங்கி, உள்ளே போகாமல் நின்றுவிடலாம். அன்றைக்கு அது நான்காம் நிலை. ஓய்வு, வெதுவெதுப்பான நீரில் உட்காருதல், மருந்து ஆகியவற்றால் வீக்கம் வடிந்த பிறகு அதுவே மூன்றுக்குத் திரும்பவும் கூடும். நார் முற்றிலும் தளர்ந்து ஆண்டுக்கணக்காக வெளியிலேயே தங்கிவிட்டதும் நான்காம் நிலைதான். ஒரே எண்ணைக் கொண்ட இவ்விருவருக்கும் அவசரமும் வேறு, வழியும் வேறு.

இனி, இந்த எண் எதைச் சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன். கோலிகர் முறை அளப்பது ஒன்றே ஒன்றை: திண்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை. எவ்வளவு இரத்தம் போகிறது, எத்தனை திண்டுகள் சரிந்திருக்கின்றன, வெளிமூலமும் சேர்ந்திருக்கிறதா, அரிப்பும் கசிவும் அன்றாட வேலையை எவ்வளவு கெடுக்கின்றன என்பவை அந்த எண்ணில் இல்லை. முதல் நிலை மூலத்திலிருந்து தினமும் சொட்டுச் சொட்டாக இரத்தம் போய், ஹீமோகுளோபின் ஏழுக்கு இறங்கி, மூச்சு வாங்க வந்த தேயிலைத் தோட்டப் பெண்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நிலையோடு, ஒரு தொந்தரவும் இல்லாமல் தலைச்சுமை தூக்கிக்கொண்டிருந்த பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். இருவரில் யாருக்கு முதலில் சிகிச்சை என்றால், எண்ணில் சிறியவருக்குத்தான்.

இந்தக் குறையை மருத்துவ உலகம் அறியாமல் இல்லை. ஒவ்வொரு திண்டையும் தனித்தனியாகக் கணக்கிடும் முறை ஒன்று வந்தது. இரத்தக்கசிவு, இறக்கம், உள்ளே போகும் தன்மை, தொங்கு தோல், இரத்த உறைவு ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்க்கும் முறை ஒன்றை 2020இல் பிரேசில் மருத்துவர்கள் முன்மொழிந்தார்கள். ஆனால் நெரிசலான ஓ.பி.யில் நான்கு எண்களின் எளிமையை வெல்ல எதனாலும் முடியவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் இரத்தக்கசிவையும் ஹீமோகுளோபினையும் ஒரு வரி எழுதினால் போதும் என்பது என் கருத்து.

சிகிச்சையைப் பொறுத்தவரை, எந்த நிலையாக இருந்தாலும் நார்ச்சத்தும் தண்ணீருமே அடித்தளம். நார்ச்சத்தைக் கூட்டினால் இரத்தக்கசிவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பதை ஆய்வுகளின் தொகுப்பே காட்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. நம் மலையின் பழைய சாப்பாடான ராகியும் சாமையும் ரேஷன் அரிசிக்கு இடம் விட்டதில் வயிற்றுக்கு நேர்ந்த இழப்பு சிறியதல்ல. தண்ணீர் விஷயம் இன்னும் கசப்பானது. குளிரில் தாகம் எடுப்பதில்லை என்பது ஒரு காரணம்; கொழுந்து பறிக்கும் காட்டில் ஒதுங்கக் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்தே வேண்டுமென்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது மற்றொரு காரணம். "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று அந்தப் பெண்ணிடம் சீட்டில் எழுதிக் கொடுப்பது எளிது. அவள் எங்கே போவாள் என்று கேட்பவர்கள் குறைவு.

நார்ச்சத்துக்கு அடங்காத முதல் நிலைக்கும், இரண்டாம் நிலைக்கும், மூன்றாம் நிலையில் சிலருக்கும் ரப்பர் பேண்ட் போடுவார்கள். திண்டின் அடியில், அதாவது வலி தெரியாத கோட்டுக்கு மேலே, சிறு ரப்பர் வளையத்தை மாட்டினால் இரத்த ஓட்டம் நின்று திண்டு சில நாளில் உதிர்ந்துவிடும். மயக்க மருந்து தேவையில்லை. வளையம் உதிரும் காலத்தில், ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில், திடீரென்று இரத்தம் போகக்கூடும். கடைசி பஸ் போன பிறகு வெளியே வர வழியில்லாத ஊர்க்காரர்கள், அந்த நாள்களில் கோத்தகிரியிலோ குன்னூரிலோ உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேண்ட் போட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போய், காய்ச்சலும் சிறுநீர் பிரியாமையும் சேர்ந்தால், விடியும் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

மூன்றின் பிற்பகுதிக்கும் நான்குக்கும் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். 1937இல் மில்லிகனும் மார்கனும் வெளியிட்ட முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஸ்டேப்ளர், லேசர் எல்லாம் பின்னர் வந்தவை, அவற்றில் வலி குறைவு, ஆனால் மறுபடி இறங்கும் வாய்ப்பு சற்று அதிகம். பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ‘கத்தியின்றி மூலம், பௌத்திரம் குணம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து அரிக்கும் மருந்து ஏற்றிக்கொண்டவர்களில் சிலர், ஆசனவாய் சுருங்கிப்போய், மலம் கழிக்கவே வழியில்லாமல் வந்திருக்கிறார்கள். அங்கே யாரும் நிலையைக் கேட்பதில்லை. எல்லாருக்கும் ஒரே ஊசி.

கடைசியாக, மூலமே இல்லாத ஒன்றுக்கு மூலம் என்று எண் கொடுத்துக்கொள்வது. மலம் போகும்போது கத்தியால் கீறியது போன்ற வலி என்றால் அது பெரும்பாலும் வெடிப்பு. வெளியே வருவதில் வட்ட வட்டமான மடிப்புகள் தெரிந்தால் அது மலக்குடலே இறங்கியது; மூலத்தில் மடிப்புகள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் பிரிந்திருக்கும். இரத்தம் கருஞ்சிவப்பாக மலத்தோடு கலந்து வந்தாலோ, மலம் போகும் பழக்கமே மாறியிருந்தாலோ, உடம்பு இளைத்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தாலோ, நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்கு முதன்முறையாக இரத்தம் போனாலோ, முன்பே மூலம் இருப்பதாகத் தெரிந்திருந்தாலும் கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று எந்த விதியும் இல்லை. உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறெங்கோ போகும்போது, எத்தனை நாளாக இரத்தம் போகிறது, சொட்டாகவா பீய்ச்சியா, வெளியே வருவதைக் கையால் தள்ளுகிறீர்களா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளை அப்படியே மேசையில் வைத்துவிடுங்கள். பெண் மருத்துவரோ செவிலியரோ உடனிருக்க வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.