இரண்டு தூண்கள்

அனைவருக்கும் வணக்கம். இந்து சமயம், பௌத்தம் இரண்டின் அடிப்படை அறங்களையும் அவை தொடக்கத்தில் பரவிய கதையையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய கடல் இது. நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

மத்தியப் பிரதேசத்தில், விதிஷாவை ஒட்டிய பெஸ்நகரில் இருக்கிறது அந்தக் கருடத் தூண். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதை நட்டவர் ஹீலியோடோரஸ் என்ற கிரேக்கர். இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் தட்சசீலத்திலிருந்து தூதராக வந்தவர், தம்மைப் பாகவதர், அதாவது வாசுதேவனின் அடியார், என்று சொல்லிக்கொண்டு அந்த வாசுதேவனுக்கு, நாம் கிருஷ்ணன் என்று சொல்பவருக்கு, தூண் எடுத்திருக்கிறார். சொர்க்கத்துக்கு வழி மூன்று என்று அதில் பொறித்திருக்கிறார்: தமம், தியாகம், அப்பிரமாதம். அடக்கம், துறவு, விழிப்பு.

அந்த மூன்றாவது சொல்லைக் கவனியுங்கள். "ஆக்கப்பட்டவை எல்லாம் அழியும், அப்பமாதத்தோடு முயன்று நிறைவேற்றுங்கள்." புத்தரின் கடைசி வார்த்தைகளாகப் பாலி மரபு காத்துவருவது இது. பாலி மொழியின் அப்பமாதமும் தூணில் இருக்கும் அப்பிரமாதமும் ஒரே சொல்தான். பெஸ்நகருக்குப் பக்கத்தில்தான் பௌத்தர்களின் சாஞ்சித் தூபியும் இருக்கிறது!

வினை, மறுபிறப்பு, விடுதலை என்று இரு சமயத்தாரும் ஒரே கேள்வியில்தான் தொடங்கினார்கள். விடையில்தான் பிரிந்தார்கள். அழியாத ஆன்மா உள்ளே இருக்கிறது, அதை அறிந்துகொள் என்றன உபநிடதங்கள். தேடிப் பார், நிலையான எதுவும் கிடைக்காது என்றார் புத்தர். வேள்வியில் உயிர்ப்பலியையும் பிறப்பால் வரும் பெருமையையும் அவர் ஏற்கவில்லை. ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சுலபமாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

சரி, எப்படிப் பரவின? பௌத்தத்துக்குத் துறவிகளின் சங்கம் இருந்தது, வணிகர்களின் கொடை இருந்தது, மக்கள் மொழியில் பேசும் வழக்கம் இருந்தது. அப்புறம் அசோகர் வந்தார். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டதைத் தாமே கல்லில் எழுதி வருந்தியவர். மகிந்தர் என்ற துறவி பௌத்தத்தை எடுத்துக்கொண்டு இலங்கைக்குப் போனது அவர் காலத்தில்தான்.

இந்து சமயத்துக்கு அப்படி ஓர் அமைப்பு இல்லை. ஆனாலும் இன்றைய இந்தோனேசியாவில், போர்னியோ தீவின் கூத்தேயில், கி.பி. 400 அளவில், வேள்வித் தூண்கள் நடப்பட்டன. சமஸ்கிருத மொழி, தென்னிந்திய எழுத்து. மூலவர்மன் என்ற அரசன் பிராமணர்களுக்குப் பசுக்களைத் தானம் கொடுத்தான் என்கின்றன. நம்மவர்கள் படையோடு போய் ஜெயித்தார்கள் என்று மேடைகளில் முழங்குவோம். அந்தக் கல்வெட்டுகளில் அப்படி ஒரு படையைப் பற்றிய பேச்சே இல்லை.

இருப்பது ஒரு வம்சாவளி. மூலவர்மனின் தந்தை பெயர் அஸ்வவர்மன். பாட்டன் பெயர் குண்டுங்கா. அது சமஸ்கிருதப் பெயர் அல்ல, அந்த மண்ணின் மக்கள் வைத்துக்கொள்ளும் பெயர். பேரனும் அதை மறைக்கவில்லை. சமஸ்கிருத வரிகளுக்கு நடுவே அப்படியே வெட்டச் சொல்லியிருக்கிறான்.