வட்டத்துக்குள் நின்ற அரசன்

நேயர்களுக்கு வணக்கம். மார்கோ போலோ என்றதும் பலருக்கும் சீனாதான் நினைவுக்கு வரும். தப்பில்லை. 1271-ல், பதினேழு வயதில், வியாபாரிகளான அப்பாவோடும் அவருடைய உடன்பிறந்தவரோடும் வெனிஸிலிருந்து கிளம்பியவர் சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே இருந்தது சுமார் 17 வருடம். அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எனக்குப் பிடித்தது அவர் வீடு திரும்பிய வழி.

1292 வாக்கில் ஒரு மங்கோலிய இளவரசியைப் பாரசீக மன்னருக்கு மணமுடிக்கக் கப்பலில் அழைத்துப் போனார்கள். கூடவே போலோக்களும். (போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளை இறந்துவிட்டார். மகனுக்குக் கட்டிவைத்தார்கள். அது தனிக் கதை.) அந்தக் கடல்வழியில்தான் நம் பாண்டியர் கரை வருகிறது. அவர் அதை மாபார் என்கிறார்.

இங்கே அவர் கண்ணில் பட்டவற்றைப் பாருங்கள். ஆளாளுக்குத் தனிப் பாத்திரம், அதில் வாய் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிறார்கள் என்று எழுதுகிறார். எச்சில் படாமல் குடி என்று நம் வீட்டில் அதட்டுவார்களே, அதே சங்கதி! சாப்பிடுவது வலது கையால் மட்டும். எப்போதும் வெற்றிலை மெல்லுகிறார்கள். அரசருக்கும் இடுப்பில் ஒரு துணிதான், ஆனால் கழுத்தில் 104 முத்தும் மாணிக்கமும் கோத்த மாலை.

அப்புறம் குதிரை. வருடத்துக்கு 2000-க்கு மேல் வாங்குகிறார்களாம், ஹோர்முஸ், ஏடன் பக்கத்திலிருந்து. வருடக் கடைசியில் நூறுகூடத் தேறாது. சோற்றையும் கறியையும் வேகவைத்துக் குதிரைக்குப் போட்டால் வேறென்ன ஆகும்? பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களும் இல்லை. குதிரை வைத்தியர் யாரும் இந்தப் பக்கம் வந்துவிடாமல் விற்கிறவர்களே தடுத்தார்கள் என்கிறார் மார்கோ. செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம்! வியாபாரி வீட்டுப் பிள்ளை, இது அவர் கண்ணுக்குத் தப்பாது.

சரி, நான் சொல்ல வந்த கதை இதுதான். இந்த ஊரில் கடன் வாங்கியவன் நாளைக்கு, நாளன்றைக்கு என்று இழுத்தடித்தால், கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடலாம். கடனை அடைக்காமல், அல்லது பிணை கொடுக்காமல், அந்தக் கோட்டைத் தாண்டினால் மரண தண்டனை. வெறும் கோடு. காற்றடித்தால் அழிந்துபோகும் கோடு!

ஒரு வெளிநாட்டு வியாபாரிக்கு அரசரே பாக்கி வைத்திருந்தார். கேட்கும்போதெல்லாம் தவணை சொன்னார். ஒருநாள் அரசர் குதிரையில் வீதியில் வருகிறார். அந்த வியாபாரி ஓடிப்போய் அரசரையும் குதிரையையும் சேர்த்து வட்டம் போட்டுவிட்டார். அரசர் கடிவாளத்தை இழுத்து நிறுத்தினார். வியாபாரிக்குத் தீர்த்த பிறகுதான் நகர்ந்தார். இதை நேரிலேயே பார்த்ததாக மார்கோ சொல்கிறார். அந்த வியாபாரி எதை விற்றார் என்று சொல்லவில்லை. குதிரையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் பணம் கொடுக்காத குதிரை மேலேயே அரசர் உட்கார்ந்திருந்தாரோ என்னவோ!

இந்த ஆளைத்தான் புளுகன் என்றார்கள். தேநீரைப் பற்றி எழுதவில்லை, சீனப் பெருஞ்சுவரைப் பற்றி எழுதவில்லை, இவர் சீனாவுக்கே போகவில்லை என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. இன்று நாம் பார்க்கும் சுவரில் பெரும்பகுதி அவருக்குப் பின்னால் மிங் அரச வம்சத்தின் காலத்தில் கட்டியது. அதோடு, இளவரசியை அழைத்துப் போக வந்த மூன்று தூதர்களின் பெயரை அவர் எழுதியிருக்கிறார் அல்லவா, அதே மூன்று பெயரும் சீன ஆவணம் ஒன்றில்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான். 1298-ல் மார்கோ ஜெனோவா என்ற இத்தாலிய நகரத்துக்காரர்களிடம் சிறைப்பட்டுக் கிடந்தபோது, உடனிருந்த ருஸ்டிகெல்லோ என்பவரிடம் சொல்லி எழுதவைத்த புத்தகம் இது. இதன் ஒரு பிரதியில் கொலம்பஸ் ஓரக்குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். அது செவில் நகரில் இருக்கிறது. அதை விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. நூடுல்ஸ் கதை மட்டும். அதை இத்தாலிக்குக் கொண்டுபோனவர் இவர் இல்லை. இவர் ஊர் திரும்பியது 1295. அதே ஜெனோவாவில் 1279-லேயே ஒருவருடைய சொத்துப் பட்டியலில் ஒரு கூடை மக்ரோனி இருக்கிறது. வணக்கம்.