கெண்டைக்கால் சொல்லும் கதை

வணக்கம் நேயர்களே. நாள் முழுவதும் நாற்காலியில் இருந்துவிட்டு மாலையில் காலுறையைக் கழற்றும்போது பார்த்திருப்பீர்கள், கணுக்காலுக்கு மேலே வரிவரியாக ஒரு தடம் பதிந்திருக்கும். காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கித் தள்ளுகிறது. உட்கார்ந்தேயிருந்தால் சும்மா கிடக்கிறது. ரத்தம் கீழே தேங்கி, அதிலிருந்து கசியும் நீர் காலிலேயே தங்கிவிடுகிறது. அந்தத் தடத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

நெடுநேரம் உட்கார்ந்தேயிருப்பது உடம்பை என்ன செய்கிறது என்ற இந்த விஷயத்துக்குள் என்னை இழுத்து வந்தது லண்டன் மாடி பஸ். எங்கே பேசப் போனாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் வருவதில்லை. ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், அந்தப் பஸ்களில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்களின் இதயத்தைப் பற்றி ஆராய்ந்து 1953-இல் எழுதினார். ஒரே பஸ், ஒரே தடம், ஒரே நிர்வாகம். ஓட்டுநர் வேலை நேரம் முழுக்கக் கிட்டத்தட்ட உட்கார்ந்தே இருப்பார். நடத்துனரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக நாளுக்கு 500 படிக்குமேல் ஏறுவார். நினைத்துப் பாருங்கள், 500 படி! மாரடைப்பு நடத்துனர்களுக்குக் குறைவாகவே வந்தது. வந்தபோதும் பிழைத்தவர்கள் அதிகம்.

ஓட்டுநர்கள் முன்பே பருமனானவர்களோ என்ற சந்தேகம் எழுந்தது. மாரிஸ் விடவில்லை. சீருடைக் காற்சட்டையின் இடுப்பளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை ஒப்பிட்டாலும் நடத்துனர் பக்கமே நிலைமை நன்றாக இருந்தது. அந்தக் காற்சட்டைக் கணக்குக்காகவே அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு.

"காலையில் அரை மணி நேரம் நடக்கிறேனே, போதாதா?" என்று கேட்கிறார்கள். நடங்கள், மிக நல்லது. ஆனால் 10 லட்சம் பேருக்குமேல் உள்ள தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், நாளுக்கு எட்டு மணி நேரத்துக்குமேல் உட்காருவதால் கூடும் ஆபத்தை ஈடுகட்ட 60 முதல் 75 நிமிடம் வேகமான நடை போன்ற உழைப்பு தேவைப்பட்டது. அவ்வளவு முடியாதவர்கள், உட்காரும் நேரத்தை இடையிடையே உடையுங்கள். திரும்பவும் சொல்கிறேன், இடையிடையே உடையுங்கள். சாப்பிட்டபின் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நடந்தாலே ரத்தச் சர்க்கரை ஏறுவது குறைகிறது. தொலைபேசி வந்தால் எழுந்து நின்று பேசுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். முதுகுவலியைப் பற்றித் தனியாகவே வைத்திருந்தேன். சரி, ஒன்று மட்டும்: பாதம் முழுவதும் தரையில் படியும்படி நாற்காலியை இறக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, இதை விடவே முடியாது: நெடுநேரம் உட்கார்ந்தபின் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வணக்கம்.