பிரீதி தோற்கவில்லை, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தாய்லாந்துத் தலைவர் பிரீதி பனோம்யோங் வென்றவரா, தோற்றவரா என்பது தலைப்பு. வென்றவரே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கணக்குப் போட்டார். பிரதமர் நாற்காலியில் 5 மாதம், வெளிநாட்டில் 30 ஆண்டுக்கு மேல். இதில் வெற்றி எங்கே என்றார். ஐயா, நாற்காலியில் உட்கார்ந்த நாளை எண்ணினீர்கள். அவர் செய்த வேலையை யார் எண்ணுவது?

பிரீதி தாய்லாந்தின் அயூத்தியா நகரில் 1900இல் பிறந்தவர், நெல்லை நம்பிப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை. பாரிசில் சட்டம் படித்தபோது 1927இல் 7 பேராகக் கூடி மக்கள் கட்சியைத் தொடங்கினார்கள். அந்தக் கட்சியின் புரட்சியால் 1932 ஜூன் 24 அன்று மன்னரின் முற்றதிகாரம் முடிவுக்கு வந்தது, ஏறத்தாழ ரத்தமே சிந்தாமல்!

அடுத்து போர்க்காலம். ஜப்பான் படை உள்ளே வந்துவிட்டது. 1942 ஜனவரியில் பிரதமர் பிபுனின் அரசு பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் அறிவித்தது. மன்னர் சார்பில் செயல்பட்ட அரசப் பிரதிநிதிகளில் ஒருவரான பிரீதி அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. பகலில் அரசப் பிரதிநிதி. மறைவில் 'ரூத்' என்ற புனைபெயரில் ஜப்பானை எதிர்த்த சுதந்திரத் தாய்லாந்து இயக்கத்தின் தலைவர். பிடிபட்டால் தலை போகும். 1945 ஆகஸ்ட் 16 அன்று, அந்தப் போர் அறிவிப்பே செல்லாது என்று அறிவித்தவரும் அவர்தான். தோற்ற பக்கத்தில் மாட்டியிருக்க வேண்டிய நாடு தப்பித்தது.

அடுத்து எதிரணி, தாய்லாந்து மன்னர் ஆனந்தரின் மரணத்தை எடுத்தது. 1946 ஜூன் 9 அன்று மன்னர் குண்டுக் காயத்தோடு இறந்துகிடந்தார். ஒரு திரையரங்கின் இருட்டில் எவனோ எழுந்து, "பிரீதிதான் மன்னரைக் கொன்றார்" என்று கத்தினான். அந்த ஒரு கத்தல் ஊர் முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டு நவம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இவர் தப்பி ஓடினார். ஆனால் பின்னாளில் பாரிசில் இருந்தபடியே அவதூறு வழக்குகள் தொடுத்து வென்றாரே, அதை ஏன் சொல்லவில்லை?

1949இல் திரும்பி வந்து ஆட்சியைப் பிடிக்க முயன்றது தவறு. ஒப்புக்கொள்கிறேன். "அதிகாரம் இருந்தபோது அனுபவம் இல்லை, அனுபவம் வந்தபோது அதிகாரம் இல்லை" என்று அவரே சொன்னார். இதைத் தோல்வியின் வாக்குமூலம் என்கிறது எதிரணி. தன் குறையைத் தானே சொல்லும் நேர்மை எத்தனை தலைவர்களுக்கு உண்டு?

1934இல் அவர் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தம்மசாட். நம் காதுக்குப் பழகிய தர்ம சாஸ்திரம்தான் அந்தச் சொல். பெயரில் 'அரசியல்' என்பதும் சேர்ந்திருந்தது. அவரை விரட்டியவர்கள் 1952இல் அந்தச் சொல்லை மட்டும் வெட்டி எறிந்தார்கள். சொல் போனது, ஆனால் 1973 அக்டோபரில் அதே வளாகத்தில் ராணுவ ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் திரண்டார்கள். தெருவில் குண்டு வாங்கிச் செத்தார்கள். ராணுவப் பிரதமர் தனோம் நாட்டைவிட்டே ஓடினார்.

அன்று பிரீதிக்கு வயது 73. பாரிஸ் அருகே ஒரு வீட்டில் உயிரோடு இருந்தார், நடுவர் அவர்களே.