‘வேணாம்’னு சொன்ன பிறகு அவன் என்ன பண்றான்? – காதல் நாவல் படிக்கிற மகளைப் பத்தி ஒரு அம்மாவோட கேள்வி

அடுத்த கேள்வி திருப்பூர்ல இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன். “வணக்கம் அக்கா. என் மகளுக்கு 14 வயது. லீவில் டைவர்ஜென்ட் என்ற ஆங்கில நாவலின் மூன்று பாகமும் படித்தாள். கடைசிப் பாகம் முடித்த அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. இப்போது தோழியிடம் வாங்கி ட்வைலைட் படிக்கிறாள். காதல் கதை படித்தால் புத்தி கெட்டுவிடும் என்று என் மாமியார் சத்தம் போடுகிறார். நீங்கள் காதல் நாவல் விரும்பிப் படிப்பதாக ஒரு வீடியோவில் சொன்னீர்கள். தடுக்கவா, விடவா? கடைசியில் ரெண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்று முன்னாடியே தெரிகிற கதையில் அப்படி என்னதான் இருக்கிறது?”

தடுக்காதீங்கம்மா. முதல்ல இதைச் சொல்லிடறேன். புத்தகத்தைப் பிடுங்கி வெச்சா அவ படிக்கிறதை நிறுத்த மாட்டா, உங்ககிட்ட சொல்றதை நிறுத்திடுவா. ஒரு புள்ள மூணு பாகம் படிச்சு, கடைசிப் பக்கத்துல மனசு ஒடிஞ்சு சாப்பிடாம படுத்தான்னா, அவ நல்லா படிக்கத் தெரிஞ்ச புள்ள. அதை முதல்ல சந்தோஷமா எடுத்துக்கங்க.

முடிவு தெரிஞ்ச கதையில என்ன இருக்குன்னு கேக்கறீங்க. தெருக்கூத்து பாக்கப் போறவங்க, பாஞ்சாலி கூந்தல் முடிப்பாளா மாட்டாளான்னு தெரியாமலா விடிய விடிய உக்காந்திருக்காங்க? எல்லாருக்கும் தெரியும். எப்படி முடிக்கிறா, அதுக்கு முன்னாடி என்னவெல்லாம் தாங்குறா, அதுக்குத்தான் பாயை விரிச்சு உக்காருறது. அமெரிக்காவுல காதல் நாவல் எழுதுறவங்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்கு. காதல் நாவல்னா என்னன்னு அவங்க ரெண்டே விஷயம்தான் சொல்றாங்க. கதைக்கு நடுவுல காதல் இருக்கணும், முடிவு மனசுக்கு நிறைவா, நம்பிக்கையா இருக்கணும். அப்போ முடிவுங்கறது முதல் பக்கத்துலயே எழுத்தாளர் நமக்குக் கொடுக்கற வாக்கு. அந்த வாக்கு இருக்கறதாலதான் நடுவுல எவ்வளவு வலி வந்தாலும் தைரியமா படிக்க முடியுது. “சேருவாங்களா”ங்கற கேள்வி போயிடுது. “சேர்றதுக்கு இவங்க தகுதியானவங்களா ஆகுறாங்களா”ங்கற கேள்விதான் நிக்கும். எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும்.

எங்க வீட்ல எங்கம்மா வாரப் பத்திரிகையில வர்ற தொடர்கதையைக் கிழிச்சு, சேர்த்து, பைண்ட் பண்ணி வெச்சிருப்பாங்க. அது போக ரமணிசந்திரன் நாவல் ஒண்ணு எப்பவும் தலகாணிக்கு அடியில இருக்கும். நான் எட்டாவது படிக்கும்போது அதைத்தான் எடுத்துப் படிச்சேன். அம்மா பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல. நாலு நாள் கழிச்சு, “அந்தப் பையனை உனக்குப் பிடிச்சுதா?”ன்னு கேட்டாங்க. பிடிச்சுதுன்னேன். “ஏன்?”னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரல. ஏன் பிடிச்சுதுன்னு யோசிக்க ஆரம்பிச்சது அன்னைக்குத்தான். அது இன்னைக்கு வரைக்கும் நிக்கல.

இத்தனை வருஷம் படிச்சதுல எனக்குன்னு ஒரு உரைகல் கிடைச்சிருக்கு. கதையில அந்தப் பொண்ணு ஒரு இடத்துல “வேணாம்”னு சொல்லுவா. வாயால சொல்லலாம், முகத்தைத் திருப்பிக்கலாம், கதவைச் சாத்தலாம். அதுக்கப்புறம் அவன் என்ன பண்றான்? அந்த நாலு பக்கத்தை மட்டும் நான் ரெண்டு தடவை படிப்பேன்.

1813ல வந்த பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் நாவலை எடுத்துக்குவோம். அதுல எலிசபெத்கிட்ட ரெண்டு பேர் கல்யாணம் கேக்கறாங்க. முதல் ஆள் கொலின்ஸ்னு ஒரு பாதிரியார். அவ மறுக்கறா. அவர் சிரிச்சுக்கிட்டே, பொண்ணுங்க மனசுக்குள்ள சம்மதம் வெச்சுக்கிட்டு வெளியில மறுக்கறது வழக்கந்தானேங்கறார். சில பேர் ரெண்டு தடவை, மூணு தடவைகூட மறுப்பாங்களாம், அதனால மனசு தளர மாட்டாராம். இந்த வசனத்தை நம்ம சினிமாவுல எத்தனை ஹீரோ வாயில கேட்டிருப்போம்! 200 வருஷத்துக்கு முன்னாடியே ஜேன் ஆஸ்டின் அதை எடுத்து ஒரு முட்டாள் வாயில வெச்சிருக்காங்க.

ரெண்டாவது ஆள் டார்சி. பணக்காரன், கர்வம் பிடிச்சவன். நாவல்ல மொத்தம் 61 அத்தியாயம். அவன் 34ஆவதுலயே கல்யாணம் கேட்டுடறான். அவ மூஞ்சியில அடிச்ச மாதிரி மறுத்துடறா. அவன் என்ன பண்றான்? மறுநாள் காலையில ஒரு கடுதாசியைக் கையில கொடுத்துட்டுப் போயிடறான். தன் மேல சொன்ன குற்றத்துக்கு மட்டும் அதுல விளக்கம் இருக்கு, திரும்ப என்னைக் கட்டிக்கோன்னு ஒரு வரி கிடையாது. அவ தங்கச்சிக்கு ஒரு ஆபத்து வர்றப்போ காப்பாத்திட்டு, அவளுக்குத் தெரியக்கூடாதுங்கறான். பாதி நாவல் தாண்டி, 58ஆவது அத்தியாயத்துல திரும்ப கேக்கறப்போ என்ன சொல்றான் தெரியுமா? உங்க மனசு ஏப்ரல்ல இருந்த மாதிரியேதான் இருக்குன்னா இப்பவே சொல்லிடுங்க, ஒரு வார்த்தை போதும், இந்தப் பேச்சை நான் இனி எடுக்கவே மாட்டேன்ங்கறான். ஒவ்வொரு தடவையும் இந்த இடத்துல எனக்குக் கண்ணு கலங்கும்.

இப்போ ட்வைலைட்டுக்கு வர்றேன். ஸ்டெஃபனி மேயர் எழுதினது, 2005ல முதல் பாகம், 2008ல நாலாவது பாகம். அதுல ஒண்ணுமே இல்லன்னு சொல்றவங்க கூட்டத்துல நான் சேர மாட்டேன். எந்நேரமும் மழை பெய்யற ஃபோர்க்ஸ்ங்கற சின்ன ஊர், புது ஸ்கூல்ல யாரையும் தெரியாம வந்து நிக்கிற பொண்ணு, ஒருத்தன் பக்கத்துல உக்காந்தாலே உடம்பெல்லாம் அது மட்டுமே தெரியறது. முதல் காதலோட அந்தக் காய்ச்சலை மேயர் அப்படியே எழுதிட்டாங்க. 14 வயசுல அதைப் படிச்சா தூக்கம் வராது. நியாயம்தான்.

ஆனா அவ காதலிக்கற எட்வர்டை, அவன் ஒரு ரத்தக்காட்டேரி, என் உரைகல்ல உரசிப் பாக்கறேன். அவளுக்குத் தெரியாம ராத்திரி அவ ரூமுக்கு வந்து, அவ தூங்கறதைப் பாத்துக்கிட்டே இருக்கான். தெரிஞ்சதும் அவளுக்கு அது பெருமையாத்தான் இருக்கு. மூணாவது பாகம் எக்லிப்ஸ்ல, ஓநாயா மாறக்கூடிய அவ தோழன் ஜேக்கப்பைப் பாக்க அவ கிளம்பக் கூடாதுன்னு அவ வண்டி எஞ்சின்ல இருந்து ஒரு பாகத்தைக் கழட்டி வெச்சுடறான். உன் பாதுகாப்புக்குத்தான்ங்கறான். பின்னாடி தப்புன்னு உணர்ந்து அவளைப் போக விடறான், அதையும் சொல்லணும். சரி, ஜேக்கப் எப்படி? அதே பாகத்துல அவளுக்கு விருப்பம் இல்லாமலே முத்தம் கொடுக்கறான். அவ ஓங்கிக் குத்துறா, ஓநாய் உடம்புங்கறதால அவ கைதான் ஒடியுது. அவ அப்பா அதைக் கேட்டுட்டு அந்தப் பையனைப் பாராட்டறார். சொந்த அப்பா! அந்த இடத்தை மட்டும் உங்க பொண்ணோட சேர்ந்து படிங்க. படிச்சுட்டு, நீங்க எதுவும் சொல்லாதீங்க. “அவ அப்பா செஞ்சது உனக்கு எப்படி இருந்துச்சு?”ன்னு கேளுங்க. அவ பதில்ல உங்களுக்கு நிறைய தெரியும்.

இது எங்கேயோ அமெரிக்காவுல நடக்கறதுன்னு நினைச்சுடாதீங்க. நம்ம தமிழ்ல இப்போ ஆன்லைன்ல எழுதற தொடர்கள்ல ஆன்ட்டி ஹீரோ கதைன்னே ஒரு வகை இருக்கு. கடத்திட்டுப் போய் தாலி கட்டுவான், அடிப்பான், ஐம்பதாவது எபிசோட்ல அவனுக்கு ஒரு சோகமான சின்ன வயசு இருந்துச்சுன்னு சொல்லி மன்னிச்சுடுவாங்க. அடிச்சது அடிச்சதுதான். அதை எழுதறவங்கள்ல பல பேர் பொண்ணுங்க, கஷ்டப்பட்டு, வீட்டு வேலை முடிச்சு ராத்திரி உக்காந்து எழுதறவங்க. அவங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. அதனாலதான் கேக்கறேன், உங்க கதாநாயகி “வேணாம்”னு சொன்னா அதுக்கு ஒரு மதிப்பு கொடுங்க.

உங்க பொண்ணு கையில அடுத்து எதைக் கொடுக்கலாம்னா, ஹங்கர் கேம்ஸ். சுசான் காலின்ஸ் எழுதினது, 2008, 2009, 2010னு வருஷத்துக்கு ஒரு பாகம். 12 மாவட்டத்துல இருந்து பசங்களைப் பிடிச்சுட்டு வந்து, ஒருத்தரை ஒருத்தர் கொல்ல விட்டு, அதை டிவியில காட்டற நாடு. நாட்டோட பேரு பேனம். லத்தீன்ல ரொட்டியும் வேடிக்கையும்னு ஒரு பழஞ்சொல் இருக்கு, வயித்துக்குச் சோறும் கண்ணுக்கு வேடிக்கையும் போட்டா ஜனங்க வாயைத் திறக்க மாட்டாங்கன்னு. அதுல இருந்து எடுத்த பேரு. ரத்தம் இருக்கு, சாவு இருக்கு. டைவர்ஜென்ட் படிச்ச புள்ளைக்கு இது தாங்கும்.

அதுல வர்ற காதலை முக்கோணக் காதல்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கு ஆத்தாமை. காட்னிஸ்ங்கற 16 வயசுப் பொண்ணு, பீட்டா, கேல்னு ரெண்டு பசங்க. கேல் அவளோட வேட்டைத் தோழன், பீட்டா ரொட்டிக் கடைக்காரர் மகன். போட்டிக்கு முன்னாடி டிவி பேட்டியில பீட்டா, நான் காதலிக்கிற பொண்ணு என்கூடவே இங்க வந்திருக்கான்னு சொல்லிடறான். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அவளுக்குக் கோவம் வந்து, பிடிச்சுத் தள்ளி விடறா, அவன் கையெல்லாம் கிழிஞ்சு போகுது. அப்புறம் அவளே அந்தக் காதலை நடிக்க வேண்டியிருக்கு. குகைக்குள்ள அவனுக்கு ஒரு முத்தம் கொடுக்கறா, உடனே வெளியில இருந்து அனுப்பற ஒரு பாத்திரம் சூப் வானத்துல இருந்து இறங்குது. அப்போ அவளுக்குப் புரியுது, முத்தம் கொடுத்தாதான் சாப்பாடு. ஒரு பொண்ணோட மனசை இப்படி ஊரே பாக்கற காட்சியாக்கினா, அவளுக்கே தன் மனசு தெரியாம போயிடும்ல? எது நடிப்பு, எது நெசம்னு மூணு பாகமும் அவ தேடறா.

ஊருக்குத் திரும்பற ரயில்ல அவ நடிச்சான்னு பீட்டாவுக்குத் தெரிஞ்சுடுது. மனசு ஒடிஞ்சு போறான். உன்னால நான் பொழைச்சேன், என்னால நீ பொழைச்ச, அதனால என்னைக் காதலிச்சே ஆகணும்னு கேட்டானா? ஒதுங்கிப் போயிடறான், மாசக்கணக்குல. மூணாவது பாகத்துல அரசுக்கு எதிரா போர் நடக்குது, அரசு ஆளுங்க பீட்டாவைப் பிடிச்சு அவன் நினைவையே விஷம் ஏத்தி மாத்திடறாங்க. அவளையே கழுத்தை நெரிக்கப் பாக்கறான். தெளிஞ்சு வர்ற வழியில ஒவ்வொண்ணா அவகிட்டயே கேக்கறான், “இது நெசமா, நெசமில்லையா?”ன்னு. முதல் பாகத்துல அவ பட்ட பாடு இப்போ அவனுக்கு.

கேல் எப்படிப் போறான்? யாரும் அவனைத் தட்டிக் கழிக்கல. போர்ல ஒரு குண்டு முறை யோசிச்சுக் கொடுக்கறான்: முதல் குண்டு வெடிக்கும், காயம் பட்டவங்களைக் காப்பாத்த ஓடி வருவாங்க, அப்போ ரெண்டாவது வெடிக்கும். அதே மாதிரி ஒரு வெடியில, காப்பாத்தப் போன காட்னிஸோட தங்கச்சி ப்ரிம் செத்துப் போறா. அது அவன் குண்டுதானான்னு அவனுக்கே தெரியல. அதுக்கப்புறம் அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல பேச என்ன இருக்கு? பீட்டா திரும்பி வந்தப்போ அவ வீட்டு ஓரத்துல மண்ணைக் கொத்திக்கிட்டு இருக்கான். ப்ரிம் பேர்ல இருக்கற ப்ரிம்ரோஸ் செடியை நட்டுக்கிட்டு இருக்கான். நீ என்னைக் காதலிக்கிறியான்னு அவன் கேக்கவே இல்ல, அந்தக் கேள்வி வர்றதுக்கு இன்னும் ரொம்ப நாள் இருக்கு. இந்த ஒரு காட்சிக்காக மூணு பாகம் படிக்கலாம்.

லேசா ஒண்ணு வேணும்னா ஜென்னி ஹானோட டு ஆல் தி பாய்ஸ், 2014ல ஆரம்பிச்ச மூணு பாகம். அம்மா இல்லாத மூணு பொண்ணுங்க, கொரிய-அமெரிக்கக் குடும்பம், யாருக்கும் அனுப்பாத அஞ்சு காதல் கடுதாசி தபால்ல போயிடுது. அக்கா தங்கச்சி பாசம் அதுல காதலை விட அழகு. கொலீன் ஹூவரோட இட் எண்ட்ஸ் வித் அஸ் மட்டும் இப்போ வேணாம். அட்டையில பூ இருக்கறதால சின்னப் பசங்க கதைன்னு நினைச்சு வாங்கிடறாங்க. அது பெரியவங்க நாவல், கட்டில் காட்சி இருக்கு, புருஷன் அடிக்கறது இருக்கு. நீங்க படிங்க. அவளுக்கு 18 ஆனதும் நீங்களே கொடுங்க.

கடைசியா அவ சாப்பிடாம படுத்த விஷயம். டைவர்ஜென்ட் மூணாவது பாகம் அலீஜியன்ட் 2013ல வந்தப்போ, கதாநாயகி ட்ரிஸ் செத்துப் போறதைத் தாங்க முடியாம உலகம் பூரா வாசகர்கள் எழுத்தாளர் வெரோனிகா ராத் மேல கோவப்பட்டாங்க. எனக்கும் கோவம்தான். ஆனா அது ஏமாத்து வேலை இல்ல. அது காதல் நாவல் இல்லையே, சேர்த்து வைக்கறேன்னு யாரும் வாக்கு கொடுக்கல. முதல் பாகத்துல இருந்து அந்தப் பொண்ணு, தியாகம்னா என்ன, சும்மா உயிரை விடறதுன்னா என்னன்னு கத்துக்கிட்டே வர்றா. அண்ணன் போக வேண்டிய இடத்துக்குத் தான் போறா. இதை உங்க பொண்ணுகிட்டப் பேசிப் பாருங்க, இன்னும் ஒரு தடவை அழுவா, பரவாயில்ல.

பாப்பா, அம்மாகூட சேர்ந்து நீயும் இதைப் பாத்துட்டு இருந்தா எனக்கு ஒண்ணு மட்டும் எழுதி அனுப்பு. முதல் ரெண்டு பாகமும் ட்ரிஸ் மட்டுமே கதை சொல்லுவா. மூணாவதுல மட்டும் ஒரு அத்தியாயம் ட்ரிஸ், ஒரு அத்தியாயம் அவ காதலன் ஃபோர்னு மாத்தி மாத்தி வரும். அதைப் பாத்ததுமே எனக்கு வயித்துல ஒரு பயம் வந்துச்சு, ஏன் இன்னொரு குரல் தேவைப்படுதுன்னு. உனக்கும் வந்துச்சா?