பிலிப்பைன்ஸ் மலைப்பாதைகளில் மனிதர்களைச் சுமக்கும் வண்டிகள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கிராமப்புறப் போக்குவரத்து என்ற பேச்சு எழும்போதெல்லாம் சாலை போடுவதைப் பற்றியும் பேருந்து விடுவதைப் பற்றியுமே நாம் பேசுகிறோம். சாலை இன்னும் வராத இடத்திலும், பேருந்து என்றைக்குமே ஏற முடியாத சரிவிலும் வாழ்கிற மக்கள் இன்றைக்கு எப்படிப் போய்வருகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. எந்திரவியல் படித்தவன் என்ற முறையில் அந்தக் கேள்வி என்னை நெடுங்காலமாக ஈர்த்து வந்திருக்கிறது. அதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டு மக்கள் கண்டறிந்திருக்கும் விடைகளைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் அந்நாட்டின் நிலத்தை மனத்தில் கொள்ள வேண்டும். 7,641 தீவுகள் என்பது 2016ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு அறிவித்த கணக்கு. அவற்றுள் பெரிய தீவுகளின் நடுப்பகுதி பெரும்பாலும் மலை. கடற்கரையை ஒட்டி நெடுஞ்சாலை ஓடும். அதிலிருந்து பிரிந்து மேலே ஏறும் பாதை சில கிலோமீட்டருக்குள் மண்பாதையாகி, பிறகு மாட்டுத்தடமாகி, மழைக்காலத்தில் ஓடையாகவே மாறிவிடும். அந்தப் பாதையின் கடைசியிலும் ஓர் ஊர் இருக்கும். கொப்பரையும் மக்காச்சோளமும் அங்கிருந்து சந்தைக்கு இறங்க வேண்டும். ஆசிரியர் அங்கே ஏற வேண்டும். பிரசவ வலி கண்ட பெண் அங்கிருந்து மருத்துவமனைக்கு வர வேண்டும்.

பிலிப்பைன்ஸ் என்றதும் பலருக்கு ஜீப்னி நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற ஜீப்புகளின் உடலை நீட்டி, எதிரெதிராக இரு நீள இருக்கைகள் பொருத்தி, பயணி வண்டிகளாக்கிய கதை புகழ்பெற்றது. குதிரை வண்டி ஓட்டிய லியோனார்டோ சராவோ 1953ஆம் ஆண்டு லாஸ் பின்யாஸில் தொடங்கிய பட்டறை அந்த வண்டிக்கே ஓர் அடையாளமாயிற்று. அந்தக் கதையை நான் நீட்டப் போவதில்லை, ஏனெனில் ஜீப்னிக்குச் சாலை வேண்டும். சாலை முடிந்த பிறகு தொடங்கும் வண்டிகளைப் பற்றியதே என் பேச்சு.

அவற்றுள் முதன்மையானது ஹபால்-ஹபால். விசாயாஸ் தீவுகளிலும் தெற்கே மின்டனாவோவிலும் மலையூர்களுக்குச் செல்லும் வாடகை மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் பெயர். ஒருவரையோ இருவரையோ ஏற்றுவதற்கென்று ஆலையில் செய்யப்பட்ட வண்டியில் நால்வர், ஐவர், சில வேளைகளில் அதற்கும் மேற்பட்டோர் செல்வார்கள். இதைப் படத்தில் பார்ப்பவர்கள், கிடைத்த வண்டியில் அளவுக்கு மீறி ஆளை ஏற்றிவிட்டார்கள் என்றே நினைப்பார்கள். வண்டியைக் கூர்ந்து பார்த்தால் வேறு செய்தி கிடைக்கும். பின் இருக்கை சக்கரத்தையும் தாண்டி நீட்டப்பட்டிருக்கும். அதைத் தாங்குவதற்குப் பின்புறச் சட்டத்தில் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து வலுவூட்டியிருப்பார்கள். இரண்டு ஷாக் அப்சார்பர்களோடு கூடுதலாக இரண்டு சேர்த்திருப்பதும் உண்டு. பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை எடுத்துவிட்டுப் பெரியதொன்றைப் பொருத்தியிருப்பார்கள். வேகம் குறையும், ஏற்றத்தில் இழுக்கும் திறன் கூடும். சேற்றைக் கவ்வும் பட்டைகள் கொண்ட டயர் மாட்டியிருப்பார்கள். பின்னால் பலர் அமரும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழ முயலும் என்பது ஓட்டுநருக்குத் தெரியும். ஒரு சிறுவனையோ ஒரு மூட்டையையோ பெட்ரோல் தொட்டியின் மேல், தமக்கு முன்னால் அவர் வைத்துக்கொள்வதற்கு இடப் பற்றாக்குறை மட்டும் காரணமன்று, எடைக்கணக்கும் காரணம்.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த மாற்றங்களில் ஒன்றை மட்டும் செய்தால் வண்டி ஓடாது. இருக்கையை நீட்டி, சட்டத்தை வலுவாக்காமல் விட்டால் சட்டம் முறியும். சட்டத்தை வலுவாக்கி, பல்சக்கரத்தை மாற்றாமல் விட்டால் முதல் ஏற்றத்திலேயே எந்திரம் திணறி நின்றுவிடும். ஒரு மாற்றம் இன்னொன்றை வேண்டுகிறது என்பதை உணர்ந்து எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வதற்குத்தான் வடிவமைப்பு என்று பெயர். அதைச் செய்தவர் ஊர்ச்சந்தைக்கு அருகில் பற்றவைப்புப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தொழிலாளி.

இனி, எனக்கு மிகவும் பிடித்த வண்டிக்கு வருகிறேன். அதன் பெயர் ஸ்கைலாப். வயதில் மூத்த நேயர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். 1973ஆம் ஆண்டு அமெரிக்கா விண்ணில் ஏவி, 1979 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் சிதறி விழுந்த விண்வெளி ஆய்வுக்கூடத்தின் பெயர் அது. அந்த ஆய்வுக்கூடத்துக்கு விரிந்த சூரியத் தகடு இருந்தது. மின்டனாவோவின் மோட்டார் சைக்கிளுக்கு விரிந்த பலகை இருக்கிறது. இருக்கையின் மேல், வண்டி செல்லும் திசைக்குக் குறுக்காக ஒரு நீண்ட பலகையைப் பிணைத்துவிடுகிறார்கள். பலகை இடப்புறமும் வலப்புறமும் வெளியே நீண்டு நிற்கும். அதன் மேல் இருபுறமும் பயணிகள் அமர்வார்கள். தரையைத் தொடுவன அப்போதும் இரண்டே சக்கரங்கள்தாம்.

இது எப்படிச் சாயாமல் ஓடுகிறது? படம் வரையாமலே விளக்க முடியும் என்று நம்புகிறேன். நம் ஊரில் கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடக்கும்போது கையில் ஒரு நீண்ட கழியைக் குறுக்காகப் பிடித்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எடை நடுவில் குவிந்திருக்கும் பொருள் சட்டென்று சாயும். எடை இருபுறமும் தள்ளித் தள்ளி அமைந்திருக்கும் பொருள் மெதுவாகத்தான் சாயத் தொடங்கும். அந்த மெதுவான தொடக்கத்தில் கிடைக்கும் நொடிப்பொழுதில் அவர் தம் உடலைத் திருத்திக்கொள்கிறார். ஸ்கைலாப் வண்டியில் கழியின் இடத்தில் பலகையும் மனிதர்களும் இருக்கிறார்கள். வண்டி ஒருபுறம் சாயத் தொடங்குவதை ஓட்டுநர் உணர்ந்து, கைப்பிடியைச் சற்றே அந்தப் பக்கம் திருப்பிச் சரிசெய்வதற்கு வேண்டிய அவகாசத்தை அந்த அகலமே அவருக்குத் தருகிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். இருபுறமும் எடை ஒத்திருக்கும் வரைதான் இந்தப் பயன் கிடைக்கும். ஆகவே யார் எங்கே உட்கார வேண்டும் என்பதைப் பயணி முடிவுசெய்ய முடியாது, ஓட்டுநர்தான் முடிவுசெய்ய வேண்டும். பருத்த உடல்கொண்ட ஒருவர் ஒருபுறம் வண்டிக்கு நெருக்கமாக அமர்ந்தால், மறுபுறம் மெலிந்த ஒருவரைச் சற்றுத் தள்ளி அமர்த்தலாம். ஆள் போதாவிட்டால் ஒரு கொப்பரை மூட்டையைக் கட்டலாம். எடையை மட்டுமல்லாமல், நடுவிலிருந்து எவ்வளவு தொலைவில் அந்த எடை இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நெம்புகோல் பாடத்தில் நாம் கரும்பலகையில் எழுதும் பெருக்கலை அவர் கண்ணால் பார்த்தே முடித்துவிடுகிறார். ஏறும்போதும் இறங்கும்போதும் இன்னும் கவனம் தேவை. ஒருபுறம் கடைசியில் இருப்பவர் தம் ஊர் வந்துவிட்டது என்று தாமாகக் குதித்து இறங்கினால், மறுபுறம் இருப்பவர்கள் தரையில் விழுவார்கள். இறங்குவதற்கு முன் சொல்ல வேண்டும், இருபுறமும் ஒருசேர இறங்க வேண்டும். இத்தகைய வண்டியில் பயணியும் வண்டியை ஓட்டுவதில் ஒரு பங்கு வகிக்கிறார் என்பது என் கருத்து. பலகை நீண்ட வண்டி குறுகிய பாறையிடுக்கில் நுழையாது என்பதால், பாதை எங்கே நெருங்குகிறதோ அங்கே பலகையின் நீளமும் குறைகிறது. சில பாதைகளில் நெடுக்காக நீட்டிய இருக்கை மட்டுமே பயன்படும். பாதையின் அகலமே வண்டியின் அளவை முடிவுசெய்கிறது.

பாதை வண்டியை முடிவுசெய்கிறது என்பதற்கு இன்னும் தெளிவான சான்று மின்டனாவோவின் மேற்கே, இல்யானா விரிகுடாவைப் பார்த்தபடி மலைச்சரிவில் எழுந்திருக்கும் பகாடியன் நகரம். பிலிப்பைன்ஸ் முழுவதும் ட்ரைசிக்கிள் உண்டு. மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் மூன்றாவது சக்கரத்தோடு ஒரு பயணிக்கூண்டைப் பிணைத்த வண்டி அது. மற்ற ஊர்களில் அந்தக் கூண்டு தரைக்கு இணையாக இருக்கும். பகாடியனில் மட்டும் கூண்டின் முன்பக்கம் வானத்தை நோக்கி, ஏறக்குறைய 40 பாகை அளவுக்குத் தூக்கிக் கட்டப்பட்டிருக்கும். சமதளத்தில் நிற்கும்போது பயணிகள் சாய்வு நாற்காலியில் இருப்பது போலப் பின்னால் சாய்ந்திருப்பார்கள். அதே வண்டி கடற்கரையை நோக்கிச் செங்குத்தாக இறங்கும்போது கூண்டு ஏறக்குறைய சமதளமாகிவிடும். யாரும் முன்னால் சரிந்து ஓட்டுநரின் மேல் விழ மாட்டார்கள். ஏறும்போது எடை பின்னால், உந்துவிசை தரும் சக்கரத்தின் மேல் அழுந்துவதால் சக்கரம் வழுக்குவதும் குறையும் என்றே நான் கருதுகிறேன். வெளியூர்க்காரர்கள் இந்த வண்டியின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கோ, தங்கள் தெருவில் ஓடுவதற்கு இப்படித்தான் ஒரு வண்டி இருக்க முடியும்.

ட்ரைசிக்கிளின் வடிவம் ஊருக்கு ஊர் மாறுவதற்கு நிலம் மட்டுமன்றிச் சட்டமும் ஒரு காரணம். 1991ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் ட்ரைசிக்கிள்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை நகராட்சிகளிடம் ஒப்படைத்தது. எனவே ஓர் ஊரின் கூண்டு நிறமும், இருக்கை அமைப்பும், எத்தனை பேரை ஏற்றலாம் என்பதும் அந்த ஊரிலேயே முடிவாகின்றன. இந்த இடத்தில் நமக்கு நேரடித் தொடர்புடைய ஒரு செய்தியும் உண்டு. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் நிறுவனத்தின் கிங் வகை ஆட்டோக்களும், புனேயின் பஜாஜ் ஆட்டோக்களும் இப்போது பிலிப்பைன்ஸில் விற்பனையாகின்றன. மழை உள்ளே வராத, நிலையான அந்த வண்டிகள் நகரங்களுக்கு நல்லவையே. ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே அச்சில் வார்த்த வண்டி, சரிவான ஊரின் கணக்கை அறிந்திராது என்பதை மறக்கலாகாது.

வடக்கே, லூசோன் தீவின் நெல்வயல்களுக்கு வருவோம். அங்கே மலை இல்லை, சேறு இருக்கிறது. லாஸ் பன்யோஸ் நகரில் 1960ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தை நம் உழவர்கள் ஐ.ஆர்.8 நெல்லின் வழியாக அறிவார்கள். அதே நிறுவனம் 1970களில் எளிய இருசக்கர உழவு எந்திரம் ஒன்றை வடிவமைத்து, சிறு பட்டறைகளும் செய்யும்படி அதன் வரைபடங்களை அவற்றிடம் வழங்கியது. உழவு முடிந்த நாள்களில் எந்திரத்தைச் சும்மா நிறுத்தி வைக்க உழவருக்கு மனம் வருமா? உழும் கருவியைக் கழற்றிவிட்டு, பின்னால் ஒரு மரத்தொட்டியைப் பூட்டி, அதில் நெல்மூட்டைகளையும் குடும்பத்தினரையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டார்கள். அதற்குக் குலிக்லிக் என்று பெயர். மெதுவாகத்தான் போகும். ஆனால் சக்கரம் பாதியளவு புதையும் சேற்றில் வேறு எந்த வண்டி போகும்? அறிவியலாளரின் வரைபடம் பட்டறைக்குச் சென்று, பட்டறையிலிருந்து உழவரிடம் சென்று, அங்கே வரைந்தவர் எண்ணாத ஒரு பயனைப் பெற்றது என்பதை எந்திரவியல் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

இவ்வளவு பாராட்டிய பிறகு ஆபத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. இருவருக்கென்று செய்த பிரேக் ஐந்து பேரைச் சுமந்து இறங்கும்போது சூடேறித் தளர்ந்துவிடலாம். தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் 2010இலும், சிறுவர்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றுவதற்கு வரம்பு விதிக்கும் சட்டம் 2015இலும் வந்தன. குழந்தையின் கால் மிதியை எட்ட வேண்டும், கை ஓட்டுநரின் இடுப்பைச் சுற்றிப் பிடிக்க வேண்டும் என்கிறது பின்னது. நியாயமான விதிகள் அவை. ஆனால் 1964ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் இரு சக்கர மோட்டார் சைக்கிளை வாடகைப் பயணி வண்டியாக ஏற்கவே இல்லை. 2019இல் மணிலாவிலும் செபுவிலும் செயலி வழியாக இயங்கும் மோட்டார் சைக்கிள் டாக்சிகளைச் சோதனை முறையில் அரசு அனுமதித்தது. நகரத்தில், ஒரே பயணியோடு ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பு கிட்டியது. மலையூரின் ஓட்டுநருக்கு என்ன கிடைத்தது? ஏற்காத வண்டியைச் சோதிக்க முடியாது. சோதிக்காத வண்டியின் பிரேக்கை மேம்படுத்தவும் முடியாது. பட்டறைக்காரரைக் குற்றவாளியாக நடத்தாமல், அவரோடு ஓர் எந்திரவியலாளர் அமர்ந்து, எந்தப் பற்றவைப்பு எவ்வளவு தாங்கும், எந்தச் சரிவுக்கு எந்த பிரேக் வேண்டும் என்று சேர்ந்து கணக்கிட வேண்டும் என்பது என் நெடுநாளைய வேண்டுகோள்.

எனக்கு அளிக்கப்பட்ட நேரம் முடியப் போகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். தண்டவாளத் தள்ளுவண்டிகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணிலாவிலிருந்து தெற்கே பிக்கோல் பகுதிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் ரயில்கள் அருகிப்போன இடங்களில், மூங்கிலும் மரமும் கொண்டு செய்த தட்டையான வண்டிகளைத் தண்டவாளத்தின் மேல் வைத்து, பயணிகளை அமர்த்திக் காலால் உந்தித் தள்ளிச் செல்கிறார்கள். சில இடங்களில் சிறு எந்திரமும் பூட்டியிருக்கிறார்கள். ரயில்வே நிர்வாகம் இதை அனுமதிப்பதில்லை. எதிரே ரயில் வந்தால் எல்லோரும் இறங்கி, வண்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட வேண்டும். அதனால்தான் இருவர் தூக்கும் எடைக்கு மேல் வண்டியைச் செய்வதில்லை. எதிரெதிராக இரண்டு தள்ளுவண்டிகள் சந்தித்தால், சுமை குறைந்த வண்டி இறங்கி வழிவிடுவது வழக்கம். தீவுகளுக்கிடையே ஓடும் எந்திரப் படகுகளைப் பற்றிப் பேச இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும் என நம்புகிறேன். செவிமடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.